குழந்தைக்கு ஜுரமா? தர்மபுரிப் பக்கம் மெடிக்கலுக்குப் போகும் முன்

மாற்றலிலோ, தொழிற்சாலை வேலைக்கோ தர்மபுரி மாவட்டத்துக்குக் குடிவந்திருக்கிறீர்கள். வீட்டில் ஐந்து வயதுக்குள் ஒரு குழந்தை இருக்கிறது. அப்படியானால் இது உங்களுக்குத்தான். நானும் அப்படி வந்தவன்தான். குழந்தை டாக்டர்கள் பெரும்பாலும் தர்மபுரி டவுனில் இருக்கிறார்கள். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீடு பிடித்திருந்தால், ராத்திரி ஏழரைக்குக் குழந்தை உடம்பு கொதிக்கும்போது கையெட்டும் தூரத்தில் திறந்திருப்பது தெருமுனை மெடிக்கல் ஒன்றுதான். அங்கே எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது, எதைக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. நான் அலைந்து தெரிந்துகொண்டதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. முதலில், மெடிக்கலுக்கே போகக் கூடாத நேரங்கள்

இதை வாசலில் செருப்பு மாட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் கடைப் பக்கம் திரும்பாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல். தாய்ப்பாலோ தண்ணீரோ குடிக்க முடியாமை. குடித்ததெல்லாம் வாந்தி. வலிப்பு. எழுப்பினாலும் சரியாகக் கண் திறக்காத சோர்வு. மலத்தில் ரத்தம். ஏழெட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது.

மூச்சை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு எழும்பித் தாழ்வதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது சின்னக் குழந்தைகளுக்குச் சரிவராது. இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது மேல் வந்தால் அது வெறும் சளி இல்லை. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டே நிற்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

போகலாமா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் 104-ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம். இது தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண். ராத்திரியிலும் எடுப்பார்கள்.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

மெடிக்கலுக்கு எதற்கு டாக்குமென்ட் என்று கேட்பீர்கள். குழந்தை மருந்தின் அளவு வயதைவிட எடையைப் பொறுத்தது. கடைக்காரர் "எத்தனை வயசுங்க?" என்று கேட்டால் வயதைச் சொல்லிவிட்டு, கூடவே எடையையும் நீங்களே சொல்லுங்கள். எடை தெரியாவிட்டால் அவர் கண்ணளவில்தான் சொல்வார்.

எடைக்கு அங்கன்வாடிதான் சுலபமான வழி. புதிதாகக் குடிவந்தவர்களும் பக்கத்து அங்கன்வாடியில் குழந்தையின் பெயரைப் பதிந்துகொள்ளலாம். மாதாமாதம் எடை போட்டு எழுதித் தருகிறார்கள். அந்த எண்ணை போனில் படமெடுத்து வையுங்கள். அதோடு தடுப்பூசி அட்டை, கடைசியாகப் பார்த்த டாக்டரின் சீட்டு, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதன் பெயர், இதெல்லாமும் போனில் இருக்கட்டும். பழைய ஊர் டாக்டரின் சீட்டைக் குடிமாறும்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்கள் அந்த அட்டையில் குழந்தையின் பெயரைச் சேர்த்துவிட்டீர்களா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் டாக்டரும் மருந்தும் இலவசம். வந்த உடனே முடிக்க வேண்டிய வேலை இது. ஜுரம் வந்த பிறகு ஆன்லைனில் ஓ.டி.பி.க்குக் காத்துக்கிடக்க முடியாது.

3. எந்தக் கடை

எல்லா மெடிக்கலும் ஒன்றில்லை. உள்ளே போனதும் சுவரைப் பாருங்கள். மருந்து விற்பனை உரிமமும், பார்மசிஸ்ட்டின் பதிவுச் சான்றும் மாட்டியிருக்க வேண்டும். மருந்துச் சீட்டுக்கு மருந்து எடுத்துத் தருவதைப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். கவுன்டரில் நிற்பவர் கடைக்கார அண்ணனின் மகனாகவோ, பத்தாவது முடித்துவிட்டு வேலைக்கு வந்த தம்பியாகவோ இருக்கலாம். "பார்மசிஸ்ட் எத்தனை மணிக்கு இருப்பாங்க?" என்று உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் கடையை விட்டுவிடலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, கிராமத்துக் கடைகள் மத்தியானம் சாத்திவிட்டு நாலு மணிக்குமேல் திறப்பது சாதாரணம். ஞாயிறு மாலை பல கடைகள் கிடையாது. இரவில் நிச்சயமாகக் கிடைப்பது டவுனில் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளோடு ஒட்டிய மருந்தகங்கள்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவசரப் பிரிவு இரவும் பகலும் உண்டு, மருந்துக்கும் காசில்லை.

விலை குறைவாக வேண்டுமென்றால் மத்திய அரசின் மக்கள் மருந்தகமும், தமிழக அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகமும் இருக்கின்றன. மூலப்பெயர் (ஜெனரிக்) மருந்துகள் என்பதால் கம்பெனி பிராண்டின் விலையில் பாதிக்கும் கீழே கிடைப்பதும் உண்டு. ஆனால் குழந்தை சிரப்புகள் எல்லா நாளும் இருப்பு இருக்காது. போனில் கேட்டுவிட்டுப் போங்கள்.

4. காய்ச்சல்: மில்லியில்தான் வம்பு

காய்ச்சலுக்கு மெடிக்கலில் தைரியமாகக் கேட்டு வாங்கக்கூடிய மருந்து ஒன்றே ஒன்று, பாராசிட்டமால். கால்பால், க்ரோசின், டோலோ எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது அதுதான். ஒரே வீட்டில் இரண்டு பெயர் பாட்டில் இருந்து, அப்பா ஒன்றும் பாட்டி ஒன்றும் கொடுத்தால் குழந்தைக்கு இரட்டை மருந்து போய்விடும்.

ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நாலு மணி நேரம், முடிந்தால் ஆறு. ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம். இந்தக் கணக்கு சுலபம். சிக்கல் பாட்டிலில் இருக்கிறது. ஒரே மருந்து மூன்று விதமான செறிவில் வருகிறது. பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மி.கி. வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

சொட்டு மருந்து, 1 மி.லி.யில் 100 மி.கி.: கொடுக்க வேண்டியது 1.5 மி.லி.
சிரப், 5 மி.லி.யில் 125 மி.கி.: 6 மி.லி.
சிரப், 5 மி.லி.யில் 250 மி.கி.: 3 மி.லி.

போன தடவை 6 மி.லி. கொடுத்தோமே என்ற ஞாபகத்தில் இந்தத் தடவை சொட்டு மருந்தில் 6 மி.லி. ஊற்றினால் 600 மி.கி. உள்ளே போகும். நாலு மடங்கு. ஈரலுக்குக் கேடு. அதனால் "பாப்பாவுக்கு ஜுர மருந்து குடுங்க" என்று கேட்காதீர்கள். "பாராசிட்டமால் சிரப், அஞ்சு மில்லியில் இருநூத்தம்பது, பாப்பா பத்துக் கிலோ" என்று கேளுங்கள். எந்தச் செறிவு வாங்கினாலும் சரி, எப்போதும் அதே செறிவையே வாங்குங்கள். வாங்கியதும் அட்டைப்பெட்டியின் மேல் எத்தனை மில்லி என்று பேனாவால் எழுதச் சொல்லுங்கள். பார்மசிஸ்ட் எழுதித் தருவார். சமையலறைக் கரண்டி வேண்டாம். ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் சில ரூபாய்க்குக் கிடைக்கும், அதில் அளந்தால் ஒரு சொட்டு பிசகாது. சிரப் ஒரு பாட்டில் ஐம்பது ரூபாய்க்கு உள்ளேயே முடிந்துவிடும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் நூறிலிருந்து முந்நூறு வரை. தொட்டுப் பார்த்துச் சொல்லும் ஜுரத்தை நம்பி மருந்து கொடுக்காமல் இருக்க இதைக் கட்டாயம் வாங்குங்கள்.

கேட்காமலே எடுத்துத் தரும் இரண்டு மருந்துகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிமெசுலைடு, 12 வயதுக்குக் கீழே தரக் கூடாது என்று 2011-லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மெஃபினாமிக் ஆசிட் கலந்த சிரப் "ஜுரம் சட்டுன்னு இறங்கும்" என்று சொல்லித் தரப்படும். இறங்கும்தான். ஆனால் அந்த ஜுரம் டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவை அதிகமாக்கலாம். மழைக்காலத்தில் டாக்டர் சீட்டு இல்லாமல் அதைத் தொடாதீர்கள், ஐபுப்ரோஃபெனும் அப்படியே. ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடவே கூடாது.

எவ்வளவு நாள் பார்ப்பது? மூன்று மாதம் தாண்டிய குழந்தை, மருந்து கொடுத்து ஜுரம் இறங்கியதும் எழுந்து விளையாடுகிறது, குடிக்கிறது என்றால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் ஜுரம் இருந்தால் டாக்டர். ஜுரம் விட்டபிறகு குழந்தை துவண்டாலோ, வயிற்று வலி என்றாலோ, கை கால் ஜில்லென்று ஆனாலோ உடனே ஆஸ்பத்திரி. டெங்குவில் ஆபத்தான கட்டம் ஜுரம் இறங்கும் நேரத்தில்தான் வரும்.

5. சளி, இருமல்: வெறுங்கையோடு திரும்பி வந்தாலும் நல்லதுதான்

2025-இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகளைக் கொன்ற கோல்ட்ரிஃப் இருமல் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. பரிசோதித்த பாட்டிலில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அதற்குப் பிறகு மத்திய சுகாதாரத் துறை திரும்பவும் சொன்னது இதைத்தான்: இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து தரவே வேண்டாம், ஐந்து வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. குளோர்பெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்து நாலு வயதுக்குள் கூடாது என்று பெட்டியிலேயே எச்சரிக்கை போட வேண்டும் என்றும் உத்தரவு இருக்கிறது. கலப்படம் இல்லாத நல்ல சிரப்புக்கும் இந்த வயது வரம்பு உண்டு. பலரும் இந்த இடத்தைத்தான் கோட்டைவிடுகிறார்கள்.

அப்படியானால் மெடிக்கலில் வாங்க என்ன இருக்கிறது? மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டு. பால் குடிக்கும் முன்பும் தூங்கும் முன்பும் ஓரிரு சொட்டு விட்டால் மூக்கு திறக்கும். சின்னக் குழந்தைக்குப் பாதிப் பிரச்சினை அதோடு தீரும். ஒரு வயது தாண்டியிருந்தால் அரை ஸ்பூன் தேன் இருமலுக்குக் கேட்கும். ஒரு வயதுக்குள் தேனே கூடாது, நாக்கில் தடவுவதும் சேர்த்துத்தான். பாட்டிமார்களோடு இதில் சண்டை வரும். சமாளித்துக்கொள்ளுங்கள்.

6. வயிற்றுப்போக்கு: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

இந்த ஒன்றில் மெடிக்கல் நிஜமாகவே உயிர் காக்கும். வாங்க வேண்டியவை இரண்டு, ஓ.ஆர்.எஸ். பொடியும் ஜிங்க்கும் (துத்தநாகச் சத்து).

ஓ.ஆர்.எஸ். என்று கேட்டால் சில கடைகளில் ஃப்ரிட்ஜைத் திறந்து ஆரஞ்சு வாசனை டெட்ரா பாக்கெட்டை நீட்டுவார்கள். அது மருந்தில்லை, சர்க்கரைத் தண்ணீர். அதிகச் சர்க்கரை பேதியை அதிகமாக்கும். இப்படிப்பட்ட பானங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. குளுக்கோஸ் பவுடரும் ஓ.ஆர்.எஸ். ஆகாது. பொடிப் பாக்கெட்டைக் கேளுங்கள். பின்பக்கம் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று அச்சிட்டிருக்கும். சோடியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, சோடியம் சிட்ரேட், டெக்ஸ்ட்ரோஸ் என்ற நாலு பெயரும் இருக்கும். பெரிய பாக்கெட், சுமார் 21 கிராம், ஒரு லிட்டருக்கு. நாலு கிராம் சொச்சம் இருக்கும் சின்னது 200 மி.லி.க்கு.

பெரிய பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று கொட்டக் கூடாது. முழுப் பாக்கெட்டையும் முழு லிட்டரில் ஒரேயடியாகக் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் வாட்டர் பாட்டிலே அளவுக்குப் போதும். இருபத்துநாலு மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு முறை போனபிறகும் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

எந்தத் தண்ணீர் என்பது இந்த ஊரில் நியாயமான கேள்வி. தர்மபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீரில் பல இடங்களில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு அதிகம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் தெருவென்றால் அதைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கரையுங்கள். வராத இடத்தில் கேன் தண்ணீர். ஆனால் போர் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதற்காக ஓ.ஆர்.எஸ்.ஸைத் தள்ளிப்போட வேண்டாம். ஃப்ளோரைடு வருஷக்கணக்கில் செய்யும் கேட்டை, நீரிழப்பு ஒரே நாளில் செய்துவிடும்.

ஜிங்க், ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மி.கி., மொத்தம் 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் இரண்டையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், கிராம சுகாதார செவிலியரிடமும் இலவசமாகவே வாங்கலாம். "பேதி நிக்க மாத்திரை" என்று லோபரமைடு கொடுத்தால் வாங்காதீர்கள்.

7. "செட்டு" வேண்டாம்

இங்கே நீங்கள் கட்டாயம் பார்க்கப் போகும் காட்சி இது. ஒருவர் வந்து "சளி ஜுரத்துக்கு ரெண்டு வேளைக்கு ஒரு செட்டு குடுங்கண்ணா" என்பார். கடைக்காரர் நாலைந்து டப்பாவிலிருந்து அட்டைகளை எடுத்து, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி, மாத்திரைகளைப் பிதுக்கிச் சின்னக் காகித உறையில் போட்டு மடிப்பார். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, பாதியாக உடைத்தது ஒன்று. பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் ஒரு கடையில் இப்படி மடித்து நீட்டினார்கள். அந்தக் குட்டி வெள்ளை மாத்திரை என்ன என்று கேட்டேன். "அது பவருங்க, குடுத்தா டக்குனு கேக்கும்" என்றார். இப்படி டக்கென்று கேட்கும் மாத்திரை பல நேரம் ஸ்டீராய்டாக இருக்கும். பெயர் சொல்ல மாட்டேன் என்கிற எதையும் குழந்தை வாயில் போடாதீர்கள்.

கடையின் பின்னறையில் ஊசி போடும் வழக்கமும் ஆங்காங்கே உண்டு. அது சட்டவிரோதம். பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் போகாதீர்கள்.

ஆன்டிபயாட்டிக் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். அமாக்ஸிசிலின், அசித்ரோமைசின், செஃபிக்ஸிம் எல்லாமே சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டிய மருந்துகள். செஃபிக்ஸிம் போன்றவற்றை விற்கும்போது டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். கடைக்காரர் சீட்டு கேட்டால் கோபப்படாதீர்கள், அவர் சரியான ஆள்.

சீட்டோடு வாங்கும்போதும் ஒரு வம்பு இருக்கிறது. குழந்தை ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் பொடியாக 30 மி.லி. பாட்டிலில் வரும். டாக்டர் 5 மி.லி. தினம் இரண்டு வேளை, ஐந்து நாள் என்று எழுதியிருந்தால் மொத்தம் 50 மி.லி. தேவை. ஒரு பாட்டில் மூன்றாம் நாளே தீர்ந்துவிடும், அதே மருந்து உங்கள் ஊர்க் கடையில் இருக்காது. டவுனிலேயே இரண்டு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பாட்டில் தீர்ந்த பிறகுதான் இரண்டாவதைக் கரைக்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் மட்டம் இறங்கும், திரும்பக் கோடு வரை நிரப்புங்கள். கரைத்த பிறகு எத்தனை நாள், ஃப்ரிட்ஜ் வேண்டுமா என்பது லேபிளில் இருக்கும்.

8. சில்லறை விஷயங்கள்

பூச்சி மாத்திரை கடையில் வாங்க வேண்டியதில்லை. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் வருடத்துக்கு இரண்டு தடவை அல்பெண்டசோல் இலவசமாகத் தருகிறார்கள். சிரங்குக்குப் பெர்மெத்ரின் க்ரீம் எழுதித் தந்தால் வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும். கண் சிவந்தால் கடையில் சொட்டு மருந்து கேட்காதீர்கள், ஸ்டீராய்டு கலந்ததாக இருக்கலாம். காதில் எண்ணெய் வேண்டாம். தடுப்பூசி போட்ட அன்று ஜுரத்துக்குச் செவிலியரே மாத்திரை தருவார், எத்தனை பங்கு என்று அவரிடமே கேளுங்கள்.

9. பில்

கேட்டால்தான் தருவார்கள், அதனால் கேளுங்கள். பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான மருந்துகளுக்குப் போடும் எண்), காலாவதித் தேதி, கடை உரிம எண் மூன்றும் இருக்க வேண்டும். ஒரு பேட்ச் தடை செய்யப்பட்டது என்று செய்தி வந்தால் உங்கள் பாட்டில் அதில் ஒன்றா என்று பார்க்க இதுதான் வழி. பாட்டில் முடியும்வரை அட்டைப்பெட்டியையும் வையுங்கள்.

எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். வாங்கியதைத் திரும்ப எடுப்பதில்லை என்று பலகை வைத்திருக்கும் கடைகள் நிறைய, அதனால் செறிவையும் தேதியையும் கவுன்டரிலேயே படித்துவிடுங்கள். தனியார் கிளினிக் சீட்டில் உள்ள பிராண்டு அந்தக் கிளினிக்கை ஒட்டிய கடையில் மட்டுமே கிடைத்தால், மூலப்பெயரையும் எழுதித் தரும்படி டாக்டரிடம் அங்கேயே கேட்டுவிடுங்கள். வேறு கடையில் போய் பிராண்டை மாற்றிக் கேட்டால் பார்மசிஸ்ட் தானாக மாற்றித் தரக் கூடாது.

மருந்து கொடுத்தபின் உடம்பு தடித்தாலோ, முகம் வீங்கினாலோ மருந்தை நிறுத்திவிட்டு, பாட்டிலையும் பில்லையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் 108. குழந்தை தேறிய பிறகு 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பக்கவிளைவைப் பதிவு செய்யலாம். மருந்தின் பெயரோடு பேட்ச் எண்ணையும் கேட்பார்கள்.